மயிற்பொறியும் பால்மரக் காடும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அவர் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை பார்க்கிறார். ஏழு பாகங்களாக விரியவிருக்கும் மந்திரமும் மாயமும் கலந்த ஒரு மிகுபுனைவு நாவலுக்கு நாட்டு வரைபடமும் அரச வமிசாவளியும் எழுதி முடித்துவிட்டார். நாவலின் முதல் பக்கம் மட்டும் இன்னும் எழுதப்படவில்லை. அறிவியல் புனைகதையிலும் ஆசை இருக்கிறது, ஆனால் இடைநிலைப் பள்ளிப் படிவம் ஐந்தோடு இயற்பியலை விட்டுவிட்டார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் விண்வெளியைப் பற்றி எழுதினால் எடுபடுமா, முனியாண்டியைக் கதைக்குள் கொண்டுவந்தால் மூடநம்பிக்கை என்பார்களா, இதை வைத்துப் பிழைக்கத்தான் முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். செம்பனை ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் எண்ணெயின் அமிலத்தன்மையை அளந்து ஓய்வு பெற்றவன். இடையே நாற்பதுக்குக் குறையாத அறிவியல் கதைகளை எழுதி, அவற்றில் பாதியை அச்சில் பார்த்தவன். ஆகவே என் பதிலில் அனுபவமும் இருக்கும், பிடிவாதமும் இருக்கும். பிடிவாதத்தைத் தம்பி கழித்துக்கொள்ளலாம்.

இயற்பியல் பாதியில் நின்றதைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். இந்த வகை எழுத்துக்கு அடிப்படையாக வேண்டியது கணக்குப் பார்க்கும் பழக்கம். உலகத்தில் ஒன்றை மட்டும் மாற்றி வைத்துவிட்டு, அந்த மாற்றம் யார் வீட்டு அடுப்பு வரை போகிறது, யாருக்கு வரவு, யார் தலையில் செலவு விழுகிறது என்று கடைசிக் காசு வரை பார்த்து எழுதுபவர்தான் இதில் நிலைக்கிறார். காலையில் தோட்டத் தொழிலாளர்கள் கூடும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதையும், கிராணியார் என்ற தோட்டத்து எழுத்தர் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறிப்பதையும் பற்றிப் பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கு புதிதன்று.

ஒரு மெய்யான நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1981-ஆம் ஆண்டுக்கு முன்பு நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் ஆண் பூவின் மகரந்தத்தைச் சேர்த்து, பெண் பூங்கொத்துகளின்மீது கையால் தூவ வேண்டியிருந்தது. தூவாவிட்டால் குலை சரியாகப் பிடிக்காது. அந்த வேலையைச் செய்தவர்களில் பெண்கள் அதிகம். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு மூக்கு வண்டு கொண்டுவந்து விடப்பட்டது. தன் தாய்நாட்டில் செம்பனைப் பூவிலேயே பிறந்து, பூவிலேயே முட்டையிட்டு, பூவுக்குப் பூ மகரந்தம் சுமந்து பழகிய பூச்சி அது. இங்கும் வந்து அதையே செய்தது. குலைகள் நன்றாகக் காய்த்தன. கையால் தூவும் வேலை சில ஆண்டுகளில் இல்லாமல் போனது.

இப்போது இதைக் கதையாக எழுத உட்காரும் இருவரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் வண்டின் அறிவியல் பெயரில் தொடங்கி, ஆய்வுக்கூடத்தில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் கைகுலுக்குவதில் முடிப்பார். மற்றவர், மகரந்தப் பொடி படிந்த கையோடு பிரட்டில் நிற்கும் ஒரு பெண்ணின் பெயர் அன்றைக்குக் கூப்பிடப்படாமல் போவதில் தொடங்குவார். பூ எப்படியும் காய்க்கிறது, நம்மை ஏன் கூப்பிடவில்லை என்று அவளுக்கு உடனே விளங்காது. மெல்ல மெல்ல, தன் வேலையை ஒரு பூச்சி எடுத்துக்கொண்டதைக் கண்டுகொள்வாள். மரத்தடியில் அந்தப் பூச்சியைப் பிடித்து உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பாள். இரண்டாமவர் எழுதுவதுதான் அறிவியல் புனைகதை. வண்டின் இடத்தில் ஓர் இயந்திரத்தையும் 1981-இன் இடத்தில் 2081-ஐயும் வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு மாறாது.

கற்பனைப் பொருளுக்கு ஒரு வரம்பு இருக்க வேண்டும் என்பது அடுத்த பாடம். இதற்கு நான் வெளியே எங்கும் போவதில்லை, சீவக சிந்தாமணிக்குத்தான் போவேன். பழைய தமிழில் பறக்கும் ஊர்திகள் நிறைய உண்டு. ஓட்டுபவன் இல்லாமல் செல்லும் வானவூர்தியைப் புறநானூறு ஒரே தொடரில் சொல்லிவிட்டுப் போகிறது. 'நாங்கள் அன்றே கண்டுபிடித்துவிட்டோம்' என்று மேடையில் முழங்குபவர்களுக்கு அந்தத் தொடர் போதும். கதை எழுதுபவருக்குப் போதாது. சிந்தாமணியில் திருத்தக்கதேவர் அமைத்த மயிற்பொறி என்ற மயில் வடிவப் பறக்கும் ஊர்தி வேறு வகை. அதன் விசையை வலப்பக்கம் திருகினால் மேலே எழும்பும், இடப்பக்கம் திருகினால் கீழே இறங்கும். அதாவது ஒரு கை அதை ஓயாமல் இயக்கிக்கொண்டிருக்க வேண்டும். கருவுற்றிருக்கும் அரசி விசயை அதில் ஏறித் தப்பிக்கிறாள். அரசைக் கவர்ந்த அமைச்சன் கட்டியங்காரனின் வெற்றி முரசு காதில் விழுந்ததும் மயங்குகிறாள். பொறி சுடுகாட்டில் போய் இறங்குகிறது. சீவகன் அங்கேதான் பிறக்கிறான். பொறி மட்டும் நினைத்த இடத்துக்குத் தானாகவே போய்ச் சேரும் வல்லமை உடையதாக இருந்திருந்தால், அரசி ஏதேனும் ஓர் ஆசிரமத்தில் சுகமாக இறங்கியிருப்பாள், காப்பியத்துக்கு வேலை இருந்திருக்காது. நீங்கள் படைக்கும் கருவிக்கும் மந்திரத்துக்கும் அது என்ன செய்யும் என்று எழுதிய பிறகு, எதைச் செய்யாது, எப்போது கைவிடும், யார் மயங்கினால் கீழே விழும் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். கதை அந்த இரண்டாவது பட்டியலில்தான் கிடக்கும்.

சரி, தோட்டத்திலிருந்து ஓர் அறிவியல் கருவை எப்படி எடுப்பது? எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றைத் தருகிறேன், நீங்களே எழுதிக்கொள்ளலாம். பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், பூர்வீகம் அமேசான் காடு. ஹென்றி விக்கம் என்பவர் 1876-இல் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். முளைத்தவை சில ஆயிரங்கள்தாம். 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில நம் பக்கத்து ஊரான கோலகங்சாரில் நடப்பட்டன. ஆசியாவின் பால்மரக் காடுகள் பெரும்பாலும் அந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவை. மரம் இங்கு வந்தது, ஆனால் அதன் பரம்பரைப் பகை வரவில்லை. தென்னமெரிக்க இலைக்கருகல் என்ற பூஞ்சை நோய் இளந்தளிரைத் தாக்கி, மரம் தழைக்கத் தழைக்க இலையை உதிர வைத்து, கடைசியில் மரத்தையே பட்டுப்போகச் செய்யும். ஹென்றி ஃபோர்டு 1928-இல் பிரேசிலில் ஒரு பெருந்தோட்டத்தை, தன் பெயரிலேயே ஊர் அமைத்துத் தொடங்கி, 1945-இல் கைவிட்டுப் போனதற்கு இந்த நோய் ஒரு முக்கியக் காரணம். அது இன்றுவரை ஆசியாவுக்குள் நுழையவில்லை. விமானச் சக்கரங்களுக்கு இன்றும் இயற்கை ரப்பர்தான் வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் கதை. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே இரண்டு ஏக்கர் பால்மரம் வைத்திருக்கும் ஒரு பாட்டி. விடிவதற்கு முன்பே மரம் வெட்ட, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்க, போகிறவர். மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும் அந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். ஒருநாள் தலைவிளக்கு வெளிச்சத்தில் தளிர் இலைகளின் அடியில் பசுங்கருமையான ஒரு படலத்தைப் பார்க்கிறார். அதிகாரிகளுக்குச் சொன்னால் தம் காடு மட்டுமன்றிச் சுற்றியுள்ள காடுகளும் வெட்டி எரிக்கப்படும் என்பது அவருக்குத் தெரியும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாது, வாசகருக்குத் தெரியும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த பேரன் போன வாரம்தான் காலணியோடு காட்டுக்குள் நடந்து படம் எடுத்துக்கொண்டு போனான். இதில் அறிவியல் எவ்வளவு வந்தது என்று எண்ணிப் பாருங்கள், மூன்று வாக்கியம் தேறாது. ஆனால் அந்த மூன்றும் தப்பாக இருந்தால் கதை நிற்காது.

எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க் ஒரு நல்ல அளவுகோல். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள் பூமியிலிருந்து பார்ப்பவருக்கு அசையாமல் நிற்பதுபோல் தெரியும். அத்தகைய கோள்களை வைத்து உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945-இல் கட்டுரை எழுதியவர் அவர். 1956 முதல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தார். பூமியிலிருந்து அந்த உயரத்துக்கு ஒரு மின்தூக்கி கட்டுவதைப் பற்றி நாவல் எழுதியபோது, சிவனொளிபாத மலையை அடியொற்றிய ஒரு மலையை அதற்கு அடித்தளமாக்க விரும்பினார். இலங்கையோ நிலநடுக்கோட்டில் இல்லை. என்ன செய்தார்? தீவையே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி வைத்தார், நகர்த்தியதை வாசகரிடமும் ஒப்புக்கொண்டார். எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றுவது கற்பனை, தெரியாமல் மாறிப்போவது பிழை. தம்பிக்கு அந்த மின்தூக்கி ஆசை வந்தால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சுங்கை சிப்புட் ஏறத்தாழ 5 பாகை வடக்கே இருக்கிறது, நிலநடுக்கோடு மலேசிய மண்ணில் எங்குமே கடப்பதில்லை.

எண்களைப் பயன்படுத்தும்போது அவை மனிதர்களைத் தொடும் இடத்தில் பயன்படுத்துங்கள். செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையே ஒரு செய்தி போக, கோள்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து, சுமார் 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம்வரை ஆகும். செவ்வாயில் ஒப்பந்த வேலைக்குப் போன கணவனும் ஊரில் இருக்கும் மனைவியும் சண்டை போடுவதை எழுதிப் பாருங்கள். அவன் கேட்ட கேள்விக்குப் பதில் வர முக்கால் மணி நேரம் ஆகிறது. அதற்குள் இவள் சோறு வடித்துக் குழம்பும் இறக்கிவிடுவாள், கோபமும் ஆறியிருக்கும், ஆனால் கோபத்தோடு சொன்ன சொல் அப்போதுதான் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும். அந்த எண் அப்போது குடும்பக் கதைக்குள் வந்துவிடுகிறது.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனெனில் இதைத் தமிழில் எழுதுவோருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. ஆங்கிலத்தில் ஓர் இயந்திரம் வந்தாலும் மனிதன் வந்தாலும் வினைச்சொல் ஒன்றுதான். தமிழில் வினைமுற்றை எழுதிய மாத்திரத்தில் நீங்கள் தீர்ப்பு வழங்கிவிடுகிறீர்கள். 'ரோபோ வந்தது' என்றால் அஃறிணை, 'வந்தான்' என்றால் உயர்திணை, 'வந்தார்' என்றால் மரியாதையும் சேர்ந்துவிட்டது. உயிருள்ள அறிவா, வெறும் பொருளா என்று கதை முழுவதும் நடக்கவேண்டிய வழக்கை இலக்கணம் முதல் வரியிலேயே முடித்துவிடும். புதிதாக எழுதுபவர்கள் இதைத் தொல்லை என்று நினைக்கிறார்கள். எனக்கு இது கிடைத்தற்கரிய கருவி. முதியோர் இல்லத்தில் பணியாற்றும் ஓர் இயந்திரத்தைக் கதை முழுவதும் 'அது' என்று சொல்லிவந்த கிழவர், ஒருநாள் தாதியிடம், 'அவர் சாப்பிட்டாரா?' என்று தவறிக் கேட்டுவிடுகிறார் என்று வையுங்கள். அந்த ஒரு விகுதிக்காகவே கதை எழுதலாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1969-இல் வெளியிட்ட ஒரு நாவலில் ஆண் பெண் என்ற நிலையான பேதமே இல்லாத மக்களைப் படைத்து, அவர்களைச் சுட்ட ஆண்பாற் சொல்லையே பயன்படுத்தினார். அதைப் பின்னாளில் அவரே மறுபரிசீலனை செய்தார். தமிழில் 'அவர்' என்று எழுதிவிட்டால் அந்தச் சிக்கல் எழுவதில்லை. ஆனால் நம் 'அவர்' மரியாதையையும் இழுத்துக்கொண்டு வரும்; எல்லாரும் எல்லாருக்கும் மரியாதை கொடுக்கும் உலகம் என்று வாசகர் நினைத்துவிடக்கூடும். அதற்கு ஈடுகட்ட, அவர்களுக்குள் யார் யாரை 'நீ' என்று கூப்பிடலாம் என்ற வழக்கத்தை நீங்கள் வகுத்துக்கொள்ள வேண்டும்.

காலம் இன்னொரு கண்ணி. வருங்காலத்தில் நடப்பதாயிற்றே என்று சிலர் முழுக்கதையையும் எதிர்கால வினையில் எழுதி அனுப்புகிறார்கள். தமிழில் எதிர்கால வினை பழக்கத்தையும் குறிக்கும். 'அவன் விடியலில் எழுவான், விண்கலத்தைத் துடைப்பான், தேநீர் குடிப்பான்' என்று எழுதினால், தாத்தா தம் இளமைக்காலத்தைச் சொல்வதுபோல் பழமை வாசம் அடிக்கும். 2090-இல் நடக்கும் கதையையும் இறந்தகாலத்திலேயே சொல்லுங்கள், வாசகர் ஒன்றும் குழம்பமாட்டார். கலைச்சொற்களிலும் இதே நிதானம் வேண்டும். ஆசிரியர் கூற்றில் விண்கலம், ஈர்ப்புவிசை என்று வரட்டும். பத்தாண்டு அந்தக் கலத்தில் வேலை பார்த்த நம் ஊர்த் தொழிலாளியின் வாயில் அகராதிச் சொல்லைத் திணிக்காதீர்கள். கித்தா (ரப்பர்), மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), காண்டா (வாளி சுமக்கும் கழி), தாமான் (வீடமைப்புப் பகுதி) என்று வந்த ஊரின் சொல்லையெல்லாம் தமக்குள் போட்டுக்கொண்டவர்கள் நாம்; செவ்வாய்க்குப் போனாலும் அங்குள்ளதற்கு அப்படித்தான் பெயர் வைப்போம். அந்தப் பெயர்களை நீங்கள் உண்டாக்கினால், உலகத்தில் பாதியை உண்டாக்கியதாகும்.

விளக்கங்களை எங்கே வைப்பது என்பது எல்லாருக்கும் உள்ள தலைவலி. 'உனக்கே தெரியும், நாம் இருக்கும் இந்தக் கோளில் காற்று இல்லை' என்று ஒரு பாத்திரம் மற்றொன்றுக்குச் சொல்லும் அபத்தத்தைத் தவிர்க்க, புதிதாக வேலைக்கு வந்த ஒருவரைக் கொண்டுவருவது பழைய உத்தி. அதையும் தோட்டத்தில் பார்த்தபடி செய்யுங்கள். புது ஆளுக்கு மரம் வெட்டக் கற்றுத்தரும் பெரியம்மா பாடம் நடத்துவதில்லை. உளி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டதும் கையைத் தட்டிவிடுவார், பட்டையை எவ்வளவு சீவலாம் என்று தாமே ஒரு கோடு இழுத்துக் காட்டுவார். அடி வாங்கிய கை மறக்காது. வாசகரும் அப்படித்தான், ஒரு விதியை யாராவது மீறிக் கெட்டுப்போகும்போது கற்றுக்கொள்வார்.

முனியாண்டிக்கு வருகிறேன். மிகுபுனைவை மூடநம்பிக்கை என்று யாரேனும் சொன்னால், புதுமைப்பித்தன் கடவுளைச் சென்னைத் தெருவுக்கு அழைத்து வந்து கந்தசாமிப் பிள்ளையோடு காப்பி குடிக்க வைத்ததை நினைவூட்டுங்கள், அவ்வளவு போதும். எழுத்தாளருக்கு முக்கியமான கேள்வி வேறு. நம் காவல் தெய்வங்களுக்கு மயிற்பொறிக்கு உள்ளதுபோலவே வரம்பு உண்டு: இந்த ஓடை முதல் அந்தப் பாறைவரை என்று ஓர் எல்லை, சுருட்டும் கோழியும் படைக்கும் கடன், கொடுத்த வாக்கு. ஆங்கில மிகுபுனைவு எழுத்தாளர்கள் மந்திரத்துக்கு விதி வகுக்க வேண்டும் என்று புத்தகம் புத்தகமாகப் பேசுகிறார்கள், நம் பாட்டிமார் அதை வகுத்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். இப்போது அந்தத் தோட்டம் விற்கப்பட்டு, மரங்கள் சாய்க்கப்பட்டு, தாமானாக மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக் கல் ஒருவர் வீட்டுச் சமையலறைக்குள் வந்துவிட்டது. தெய்வம் எதுவரை காவல் காக்கும்? கடனைக் கட்டவேண்டியது யார், தோட்டத்தை விட்டுப் போனவர்களா, குடிவந்த வேற்று இனத்துக் குடும்பமா? இதை எழுதும்போது ஒன்றில் கவனம் வேண்டும். அந்தத் தெய்வம் இன்றும் மக்கள் கும்பிடும் தெய்வம். பயமுறுத்தும் பொம்மையாகவோ கேலிப்பொருளாகவோ ஆக்கினால் கதையும் மலிந்துவிடும், ஊரில் தலைகாட்டவும் முடியாது.

அடக்குமுறை அரசுகளின் கற்பனை உலகம் எழுத ஆசைப்பட்டாலும் தொலைவில் தேட வேண்டாம். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டுக்கு அருகே மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் மலாயாவில் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் பிறந்தது. முள்வேலி, ஊரடங்கு, அளந்து கொடுத்த அரிசி, வாயிலில் உடற்சோதனை எல்லாம் அந்த ஆண்டுகளில் வாழ்ந்தவர்களின் அன்றாடம். அதைப் பார்த்த முதியவர் எவரேனும் உங்கள் தெருவில் இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்காருங்கள். எந்த நூலிலும் இல்லாத சில்லறை விவரங்கள் அவரிடம் கிடைக்கும்.

இனிப் பிழைப்பு. தமிழில் மட்டும் எழுதி, அதிலும் அறிவியல் புனைகதை மட்டும் எழுதி, மலேசியாவில் குடும்பம் நடத்தலாம் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு ஞாயிறு பதிப்புகளிலிருந்து கிடைத்த சன்மானத்தையெல்லாம் சேர்த்தாலும் ஒரு நல்ல மோட்டார் சைக்கிளுக்குக் காணாது. ஒரு வார இதழ் என் கதையிலிருந்த அறிவியலை முழுவதும் வெட்டியெறிந்துவிட்டுக் காதலை மட்டும் போட்டது. பாராட்டுக் கடிதங்கள் அந்தக் கதைக்குத்தான் அதிகம் வந்தன, அதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019-இல் நின்றுபோனது. கதைக்கு இடம் தரும் தாள்கள் குறைந்துகொண்டே வருகின்றன, வல்லினம் போன்ற இணைய இதழ்கள் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகின்றன. நூல் என்றால் பெரும்பாலும் நாமே அச்சடித்து, நாமே விழா வைத்து விற்கவேண்டிய நிலை. நான் 500 பிரதி அச்சடித்தேன். விழா நாளில் முந்நூறு போயிற்று, மிச்சம் நெடுங்காலம் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

ஆனால் வேலையை வைத்துக்கொண்டு எழுதுவது இந்தத் துறையில் தாழ்வான வழி என்று எண்ணிவிடாதீர்கள். சுஜாதா பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டுதான் எழுதினார். லியூ ஸிஷின் சீனாவில் ஒரு மின்நிலையத்தில் பொறியாளராக இருந்தார். அங்கிருந்தபடி சீன மொழியில் எழுதிய நாவல், ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, 2015-இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது பெற்றது. உங்களுக்கு மிக நெருக்கமானவர் அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர். பாத்திரம் கழுவுதல், உருளைக்கிழங்கு வறுவல் தொழிற்சாலையில் நல்லது கெட்டது பிரித்தல் என்று கிடைத்த வேலையெல்லாம் செய்துகொண்டு, அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து எழுதினார். 1970-இல் கிளாரியன் என்ற ஆறு வாரப் பயிலரங்குக்குப் போனார்; 1995-இல் மக்கார்தர் நல்கை பெற்றார், அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று இரவெல்லாம் பார்க்கும் உங்கள் கண்ணுக்கு இந்தச் செய்தி உறைக்கும் என்று நம்புகிறேன்.

ஆங்கிலத்திலும் எழுத முடிந்தால், அல்லது நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நட்பாகக் கிடைத்தால், வாசல் சற்று அகலமாகும். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் தொழில்முறைச் சன்மானம் என்று 2019-இல் வகுத்தது சொல்லுக்குக் குறைந்தது 8 அமெரிக்க சென்ட். ஐயாயிரம் சொல் கதைக்கு 400 டாலர். 2025-இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த நம் குறைந்தபட்ச மாதச் சம்பளத்துக்கு அது கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அந்தப் பணம் ஒவ்வொரு மாதமும் வராது. ஒரு கதை ஏற்கப்படுவதற்கு முன் பத்து இதழ்களிலிருந்து திரும்பி வரலாம். அந்தச் சங்கத்தின் விருதுக் கணக்கில் 7,500 சொல்லுக்குக் குறைந்தால் சிறுகதை, 17,500 வரை நெடுங்கதை, 40,000 வரை குறுநாவல், அதற்கு மேல் நாவல். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே கதைக்குச் சொற்கள் குறையும், எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். நம் மண்ணுக்கும் அங்கே இடம் உண்டு: பினாங்கின் தெய்வங்களை வைத்து நாவல் எழுதிய மலேசியரான ஜென் சோ 2019-இல் ஒரு நெடுங்கதைக்காக ஹியூகோ பெற்றார், யாங்ஸே சூ 1930-களின் ஈப்போவையும் பத்து காஜாவையும் புலிமனிதர் நம்பிக்கையையும் வைத்து எழுதினார். பத்து காஜா நமக்குப் பேருந்து தூரம்தானே!

ஒன்று எச்சரித்துவிடுகிறேன். இயந்திரத்தால் எழுதப்பட்ட கதைகள் வெள்ளமாக வந்ததால், கிளார்க்ஸ்வேர்ல்டு என்ற புகழ்பெற்ற அமெரிக்க இதழ் 2023 பிப்ரவரியில் கதை வாங்குவதையே சிறிது காலம் நிறுத்திவைத்தது. அந்தக் கூட்டத்தில் உங்கள் பெயர் சேர்ந்துவிட்டால் மீள்வது கடினம்.

உரிமையைப் பற்றிச் சுருக்கமாக. நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, கதையை எழுதிவைத்ததுமே உரிமை உங்களுடையது. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை, எழுத்தாளர் இறந்து 50 ஆண்டுவரை அது நீடிக்கும். ஆகவே ஒரு முறை அச்சிடும் உரிமையைக் கொடுங்கள். 'எல்லா உரிமையும் பதிப்பகத்துக்கே' என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால், அதை அடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டு நான் இழந்தவை இரண்டு கதைகள். போட்டி விதிமுறைகளிலும் இந்த வரி ஒளிந்திருக்கும்.

கடைசியாக, ஏழு பாக நாவல். வரைபடத்தையும் வமிசாவளியையும் தூக்கி எறியச் சொல்லமாட்டேன், அலமாரியில் வையுங்கள். அந்த வரைபடத்தில் ஓர் ஆறு கட்டாயம் இருக்கும், ஆற்றைக் கடக்க ஓடமும் இருக்கும். அரசர்கள் சண்டை போடும் அந்த ஆண்டில் ஓடக்காரருக்குக் கூலியை யார் கொடுத்தார்கள், எந்த நாட்டுக் காசில் கொடுத்தார்கள், தோற்ற நாட்டுக் காசை மறுநாள் கடைத்தெருவில் வாங்கினார்களா என்பதை மட்டும் வைத்து 3,000 சொல்லில் ஒரு சிறுகதை எழுதுங்கள். இரவு வேலை முடிந்து வந்ததும் தூங்கிவிடுங்கள், தூக்கக் கலக்கத்தில் எழுதியதை நானும் நிறைய கிழித்திருக்கிறேன். எழுந்தபின், கைபேசியைத் தொடுவதற்கு முன், ஒரு மணி நேரம் போதும். முடித்ததும் ஒரு மாதம் மூடி வைத்துவிட்டு, அம்மாவுக்கோ அக்காவுக்கோ வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர்கள் அடுப்பைப் பார்க்க எழுந்து போகிறார்களோ, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, கோடு போட்ட பிரதியை எனக்கு அனுப்புங்கள்.